கணிசம் எண்டா எத்தினை

வுப்பர்டால் நீதிமன்றம் ஆற்றின் நடுவே
ஒரு தீவில் இருக்கிறது.
தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி ரயில் போனால்
இரண்டாம் மாடிக் கண்ணாடி லேசாக நடுங்கும்.
மொழிபெயர்ப்பாளருக்கு மணிக்கணக்கில் கூலி.
சத்தியம் செய்திருக்கிறேன்:
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்,
என் சொல் என்று ஒன்றையும் உள்ளே விடமாட்டேன்.

பிரதிவாதி சாரங்கன்.
பகலில் சலவை ஆலையில் மெசின் திருத்துகிறவர்.
இரவுகளில் இருந்து ஒரு நிரல் எழுதினார்.
அது தினமும் எட்டு மணிக்கு
ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்துக்குள் போய்
அன்றிரவு திறந்திருக்கும் மருந்துக்கடைகள் பதினான்கை
எடுத்துவந்து, தமிழில் எழுதி,
ஐந்நூறு கைபேசிகளுக்கு அனுப்பியது.

"நான் களவெடுக்கேல்லை. கேட்டனான். தந்தது.
ராவில எந்தக் கடை திறந்திருக்கு எண்டது
ஆற்றை சொத்து?"

ஜெர்மனில் சொன்னேன்.
களவு என்ற சொல் அந்தப் பக்கம் போனதும்
கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

வாசலில் ஒரு கோப்பு இருந்ததே,
இயந்திரங்கள் உள்ளே வர வேண்டாம் என்று,
உங்கள் நிரல் அதை வாசித்ததா?
நீதிபதி கேட்டார்.
"வாசிக்கத் தெரியும் அதுக்கு.
நான்தான் வாசிக்க விடேல்லை."
அவருடைய வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டார்.
அதையும் சொன்னேன்.

நிறுவனத்தின் தரப்பில் டாக்டர் ஓவர்பெக்:
தகவல் யாருக்கும் சொந்தமில்லை, சரி.
தேடிச் சேர்த்துச் சரிபார்த்து அடுக்கிய செலவு எங்களுடையது.
அதில் வெசென்ட்லிஷ் ஆன பகுதியை எடுக்கக் கூடாது.

வெசென்ட்லிஷ்.
முக்கியமான என்றால் ஒரே வரி போதும், தோற்றுவிடுவார்.
சாரமான என்றால் யாருக்கும் விளங்காது.
கணிசமான, என்றேன்.
"கணிசம் எண்டா எத்தினை?"
நீதிபதியும் அந்த எண்ணைத் தேடுகிறவர் போல
காகிதங்களைப் புரட்டினார்.

"ஒரு நாளைக்குப் பதினாலு வரி, அவ்வளவுதான்."

ஓவர்பெக் எழுந்தார்.
சிறு பகுதிதான், ஆனால் திரும்பத் திரும்ப,
முறைவைத்து, நானூற்றுப் பதினொரு இரவுகள் என்று
வாக்கியம் வாக்கியத்துக்குள் புகுந்து போய்
வினைச்சொல் கடைசியில்தான் வந்தது.
சிறு துளி பெரு வெள்ளம்:
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.
பதினொரு வரியையும் பதினொரு வரியாகவே தந்தேன்.

பிறகு அந்தக் கடையை மேசையில் வைத்தார்கள்.
லிண்டன் மருந்தகம், ஃபெர்பர் தெரு, நாற்பத்தொன்று பி.
அப்படி ஒரு கடை இல்லை.
நிறுவனமே செய்து வைத்த பொய்.
மனிதர் பார்க்கும் பக்கத்தில் தெரியாது,
இயந்திரத்தின் கண்ணுக்கு மட்டும் தெரியும்.
மார்ச் மூன்றாம் தேதி, சாரங்கனின் பட்டியலில்,
பதினான்காவது வரியாக, நல்ல தமிழில்:
விடியும்வரை திறந்திருக்கும்.

யாராவது அங்கே போயிருந்தால், என்றார் நீதிபதி.
ஓவர்பெக் சாரங்கனைப் பார்த்தார்.
சாரங்கன் தன் கையைப் பார்த்தார்.
"ஆரும் போனவையோ தெரியாது."
தெரியாது, என்று மொழிபெயர்த்தேன்.

நான் போனேன்.
காதுவலி, மழை, இரவு ஒன்றேகால்.
நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்துமூன்றுக்கும் நடுவே
இரண்டு குப்பைத் தொட்டியும் ஒரு சைக்கிளும்.
மணியடிக்க ஒரு பொத்தானைத் தேடி
சுவரைத் தடவியது இந்தக் கைதான்.

காலையிலிருந்து எத்தனை முறை நான் என்று சொல்லியிருப்பேன்.
நான் எடுத்தேன், நான் செலவழித்தேன், நான் கேட்டேன்.
ஒன்றுகூட நானில்லை.
இதை மட்டும் சொல்ல யாரும் கூலி தரவில்லை,
யாரும் கேட்கவுமில்லை.

தீர்ப்பு ஆறு வாரம் கழித்து.
படிவத்தில் எழுதினேன்: மூன்றரை மணிநேரம்,
பயணம் இருபது நிமிடம்.
வாசலில் சாரங்கன் சிகரெட்டை நீட்டி,
"அக்கா, அந்தச் சொல்லை வடிவாச் சொன்னனீங்களோ?" என்றார்.

எந்தச் சொல் என்று நான் கேட்கவில்லை.
ரயிலில் தொங்கிக்கொண்டு போகும்போது
கைபேசி அதிர்ந்தது.
எட்டு மணி.
நிரலை அவர் இன்னும் நிறுத்தவில்லை.
பதினான்கு வரிகளையும் வாசித்தேன்.