ஏழாம் கிழமை

ஒரு லீட்டர் தண்ணீர் குடித்துவிட்டு
வெள்ளவத்தையில் நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறினேன்.
பிரேக் அடித்த இடமெல்லாம் பல்லைக் கடித்தேன்.

"காதுக்குக் கேளாத சத்தமடி அது.
கேளாததுதான் கூடச் சுடும்" என்றிருந்தாள் மச்சாள்.
மூன்று இரவு நித்திரையில்லை.
கண் அயர்ந்தால்
கௌபி விதையளவில் ஒன்று
சட்டியில் கொதிக்கிற கனவு.

இருபத்துமூன்றாம் டோக்கன்.
யசிந்தன் போனை நீட்டியபடி நின்றான்:
துடிப்பைப் பதிந்து
டொராண்டோவிலிருக்கும் தமையனுக்கு அனுப்பவேண்டுமாம்.

குளிர்ந்த ஜெல்லைத் தடவிக்கொண்டே
"பயமா?" என்றாள் நிலந்தி,
சிங்களம் கலந்த தமிழில்.
கேட்டுவிட்டேன் எல்லாவற்றையும்:
சூடு, நேரம், மச்சாள், சட்டி.
அவள் சிரிக்கவில்லை.

"இந்த மாதத்தில சத்தம் போடுறதில்ல.
பார்க்க மட்டும். கொஞ்ச நேரம்தான்."
யசிந்தன் போனை இறக்கினான்.

சாம்பல் திரையில்
தையல் மெஷின் ஓடினதுபோல்
சின்னச் சின்ன மேடுகள்.
நூற்று முப்பத்தெட்டு, என்றாள்.
ஒரு சத்தமுமில்லை.
ஏசியின் இரைச்சல் மட்டும்.

அவள் கையை எடுத்தாள்.
"இன்னும் கொஞ்சம்" என்றது
என் வாய்தான்.

அவள் தலையாட்டி மறுத்து
டிஷூவை நீட்டினாள்.
டொய்லெட்டுக்கு ஓடினேன்.

வெளியே காலி வீதி.
யாரும் அளக்காத ஹோர்ன்கள்.
வயிற்றில் கையை வைத்து மறைத்தேன்,
ஏதோ கை மறைக்கும் என்பதுபோல.

மச்சாள் கேட்டால்
அரை நிமிடம்தான் என்பேன்.
இன்னும் கொஞ்சம் கேட்டதை
அவளுக்குச் சொல்லமாட்டேன்.