கொசுறு எந்தப் பக்கம்

கிட்வேயில் அக்டோபர்.
தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு பேர்.
ஜனவரியில் ஆசிரியர்கள்,
இன்றைக்கு மட்டும் என் மாணவர்கள்.

திருமதி சிலுங்வே பிஸ்கட் டப்பாவைக் குலுக்கினார்.
ஆளுக்கொரு சீட்டு.
சீட்டில் யாரோ அவராகவே
நாற்பது நிமிடம் இருக்க வேண்டும்.
பாடம் எடுப்பவனிடம் காட்டக் கூடாது.

பாடம்: இலாபம்.
மூன்று ராத்திரித் தயாரிப்பு.
பற்றுக்குச் சிவப்புச் சாக்கட்டி, வரவுக்கு நீலம்,
நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு.

"சிவப்புப் பக்கத்தைப் பாருங்கள்" என்றேன்.
கைக்குட்டையால் கண்ணைக் கட்டியிருந்த சிசங்கா
"அது எந்தப் பக்கம், சார்?"
இடது பக்கம்.
"உங்களுக்கு இடதா, எனக்கா?"

விளக்கிக்கொண்டே எழுதினேன், பலகை நிறைய.
திரும்பினால்
முட்டிண்டா பேனாவை மூடிவைத்திருக்கிறாள்.
அவள் சீட்டுக்குக் காது கேளாது.
உதடு பார்த்துப் படிப்பவளுக்கு
ஐந்து நிமிடமாக
என் முதுகைப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

கலும்பா எல்லை தாண்டி வந்து ஆறே மாதமான பையன்.
முதல் என்று நான் சொன்னதை
ஒன்று என்று குறித்துக்கொண்டு
இரண்டாவதுக்காகக் காத்திருந்தான்.

கடைசி பெஞ்சில் லிகாண்டோ தூங்கினாள்.
அபாரமான நடிப்பு.
வாயோரம் எச்சில்கூட.
மேசையைத் தட்டிக் கேட்டேன்:
இலாபம் என்றால் என்ன?

கண்ணைத் திறக்காமலே ஆரம்பித்தாள்.
"தக்காளிப் பெட்டி இருநூற்றைம்பது குவாச்சா.
பெட்டிக்கு மினிபஸ்ஸில் இருபது.
சந்தை வரி ஐந்து.
ஐந்தைந்தாகக் குவித்து, குவியல் பத்து என்று
முப்பத்தொரு குவியல்."

கணக்குப் போட்டேன், மகிழ்ச்சியாக.
மிச்சம் முப்பத்தைந்து.
கீழே இரட்டைக் கோடு இழுத்தேன்.

"கோட்டை அழியுங்கள்.
ம்பசேலா எங்கே?"

குவியலுக்கு ஒன்று மேலே வைத்துக் கொடுப்பது.
கேட்காமலே வைக்க வேண்டும்.
கேட்டபின் வைத்தால் அது ம்பசேலா இல்லை.
கொசுறு.

முப்பத்தொரு கொசுறு
என்றால் ஆறு குவியல், அறுபது குவாச்சா.
என் இலாபத்தைவிடப் பெரியது.

"நஷ்டத்தில் எழுது" என்றது ஜன்னலோரம்.
"விளம்பரச் செலவு" என்றாள் ஒருத்தி.
கண் கட்டிய சிசங்கா
"நன்கொடை?" என்றான், யாரையும் பார்க்காமல்.
பாடநூலை நான் புரட்டுவது
எல்லோருக்கும் கேட்டது.

"கொடுக்காவிட்டால்
என் சாக்கு முன்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.
கொடுத்தால் உங்கள் பலகையில்
நான் நிற்க மாட்டேன்.
எந்தப் பக்கம் எழுதட்டும், சார்?"

மணி அடித்தது.

சீட்டுகளைத் திரும்ப வாங்கியது நான்தான்.
லிகாண்டோவின் சீட்டு நான்காக மடித்தபடியே இருந்தது.
மாணவர் எண் ஏழு:
அப்பா சுரங்கத்தில் மேலாளர்.
டிரைவர் கொண்டுவந்து விடுவார்.
எல்லாப் புத்தகமும் உண்டு.

அவள் அதைப் பிரிக்கவே இல்லை.

காலை நான்கு மணிக்குச் சிசோகோனே சந்தையில் சாக்கு விரித்து
ஏழரைக்கு மடக்கி
சட்டை மாற்றிக்கொண்டு வருகிறவள்.
இரண்டு வருடமாக என் பக்கத்து வரிசை.
எச்சிலும் நிஜம்.

திருமதி சிலுங்வே நூற்றுக்கு அறுபத்தொன்று போட்டார்.
குறிப்பு: நேரம் கடந்துவிட்டது.
அதற்குக் கீழே, வேறு மையில்,
விடை தெரிந்தால் எனக்கும் சொல்லவும்.

திங்கட்கிழமை நிஜமான பள்ளி.
ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், சீட்டு இல்லை.
கோட்டைச் சாக்கட்டியால் அல்ல,
பலகையின் குறுக்கே கயிறாகக் கட்டினேன்,
தடவிப் பார்க்க வரும்படி.
பேசும்போது எழுதவில்லை.
எழுதும்போது பேசவில்லை; அது கடினம்,
வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

பாடக்குறிப்பில் இரண்டு பத்திக்கும் அப்பால்
மூன்றாவதாக ஒன்று விட்டிருக்கிறேன்.
தலைப்பு இன்னும் வைக்கவில்லை.
மேற்பார்வைக்கு வந்தவர்
இது என்ன காலியிடம் என்று கேட்டார்.

தக்காளி விற்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன்.
யாரும் தூக்கவில்லை.
தப்பாகக் கேட்டுவிட்டேன்.
குவியலுக்கு எத்தனை வைப்பீர்கள்
என்று மாற்றிக் கேட்டேன்.

"ஐந்து" என்றது ஒரு மூலை.
"ஐந்தும் ஒன்றும்" என்றது இன்னொன்று.