கால் அங்குலம்

விவாகரத்துப் பத்திரத்தில்
பிக்கப் வண்டி யாருக்கு, பனி அள்ளும் மெஷின் யாருக்கு என்று
வரிசையாக எழுதியிருந்தார்கள்.
மாமனார் யாருக்கு என்று எழுதவில்லை.
டேரில் வண்டியோடு அரிசோனா போனான்.
ஹால்வர் மாடி அறையிலேயே இருந்தார்.
பிறகு படி ஏற முடியாமல்
கீழே, சாப்பாட்டு அறைக்கு வந்தார்.

அதனால் அவர் கட்டிலும் என் தையல் மெஷினும்
ஒரே அறையில்.
சாப்பிடுவது மடியில் தட்டு வைத்து.

உருளைக் கத்தியைப் பகலில் எடுப்பதில்லை.
குண்டூசிகளை எண்ணி எடுத்து எண்ணி வைக்கிறேன்.
நாற்பத்திரண்டு. நேற்று நாற்பத்தொன்று.
காந்தத்தோடு தரை முழுக்கத் தவழ்ந்தேன்.
கடைசியில் என் காலரிலேயே குத்தியிருந்தது.

எட்டங்குலத் துண்டு தைத்தபின் ஏழரை.
இந்தப் பக்கம் கால் அங்குலம், அந்தப் பக்கம் கால் அங்குலம்
தையலுக்குள் போய்விடும்.
அதைக் கணக்கில் வைத்துத்தான் வெட்ட வேண்டும்.
முதல் வருஷம் நான் வைக்கவில்லை.

மாத்திரைக்கும் குளியலுக்கும் நடுவே நான்கு துண்டு.
அவர் நல்ல மனநிலையில் இருந்தால் ஆறு.
படுக்கை நனைந்த நாளில் ஒன்றுமில்லை,
துவைக்கும் மெஷின் மட்டும் ஓடும்.
"யார் நீ? சம்பளம் எவ்வளவு?" என்பார்.
"இன்னும் பேசி முடிக்கலை" என்பேன்.
ஒருநாள் கரண்டியை என் முகத்தில் எறிந்தார்.
அன்று தைத்த வரிசை முழுக்கக் கோணல்.
பிரிக்கவில்லை. இருக்கட்டும்.

முப்பத்தாறு வருஷம் சரக்கு ரயிலில் பிரேக் பார்த்தவர்.
மெஷின் ஓடினால் தூங்குவார்.
நின்றால் கண் திறக்கும்:
"எந்த ஸ்டேஷன்?"
"ரக்பி."
"சரி, பெட்டிகளை எண்ணிடு."
ஒருமுறை தூக்கக் கலக்கத்தில்
மைனாட்டுக்கு அடுத்தது டெவில்ஸ் லேக் என்று சொல்லிவிட்டேன்.
எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.
"நடுவுல ரக்பி எங்கே போச்சு? எவன் ஓட்டறான் இந்த வண்டியை?"
நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஹால்வர்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி. மைனஸ் இருபத்தாறு.
பாபின் மாற்றப் போன கையோடு
மேசைமேல் தூங்கிப்போனேன்.
குளிர் கணுக்காலைக் கவ்வித்தான் எழுப்பியது.
வாசல் கதவு விரியத் திறந்திருந்தது.
தெருமுனையில், மஞ்சள் விளக்கு சுழல,
பனி ஒதுக்கும் லாரி நிற்கிறது.
அதன் முன்னால் ஹால்வர்.
ஒரு காலில் மட்டும் செருப்பு.
தலைக்கு மேல் தூக்கிய கையில்
ஏழாவது வரிசைக்கு நான் வெட்டி வைத்த சிவப்புத் துண்டு.
கஞ்சிக் கிண்ணத்தைப் பிடிக்க நடுங்குகிற கை
அதை வீசும்போது துளி நடுங்கவில்லை.
லாரிக்காரப் பையன் தன் கோட்டைக் கழற்றி
அவருக்குப் போர்த்தியிருந்தான்.
"முறையா நிறுத்தினார்மா. நிக்காம எப்படிப் போறது?"

இரண்டு கால்விரல் கறுத்தன.
நர்ஸ் வந்தாள். படிவங்களோடு ஒரு பெண் வந்தாள்,
'ஹோம்' என்ற சொல்லை
பஞ்சில் சுற்றி எடுத்து வைத்தாள்.
கதவு உச்சியில் புதுத் தாழ்ப்பாள்.
அவருக்கு எட்டாது. எனக்கே முக்காலி வேண்டும்.
சர்ச்சிலிருந்து மார்லிஸ் போன் செய்தாள்:
"ஈஸ்டருக்குள்ள முடியுமா?"
ஒரு கணம் என்னையே கேட்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.
குவில்ட்டைத்தான் கேட்டாள்.
"முடியும்" என்றேன்.

படிவம் பாதி நிரப்பியபடி
துணிப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது.
உறவுமுறை என்ற கட்டம் காலி.

சிவப்புத் துண்டு அவர் பைஜாமா பையில் இருக்கிறது.
துவைக்கும்போது எடுத்து, காய்ந்ததும்
திரும்ப வைத்துவிடுகிறேன்.
அதன் இடத்துக்கு
அவருடைய பழைய ஓவராலின் முழங்காலை வெட்டினேன்.
முரட்டுத் துணி. இரண்டு ஊசி ஒடிந்தன.
பார்த்தால் நிறம் சேரவில்லை என்பாள் மார்லிஸ்.

மணி மூன்று.
நூல் தீர்ந்து வெகுநேரம் ஆகிறது.
ஒரு கந்தல் துணியில்
வெறும் துளைகளாகப் போட்டுக்கொண்டு போகிறது ஊசி.
மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.
வெளியே வடக்கு டகோடா முழுக்க வெள்ளை.
இன்னும் ரக்பிகூட வரவில்லை.