கழுவாத வீடு

சாரத்தின் ஐந்தாம் பலகையில் நிற்கிறேன்.
கீழே எடின்பரோவைக் காணோம்.
விடியலில் கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி
(இவ்வூரார் அதை ‘ஹார்’ என்பார்கள்)
கோட்டையைத் தின்றுவிட்டது,
தேவாலயக் கூம்புகளைத் தின்றுவிட்டது,
இப்போது டிராம் மணியை
மெதுவாக மென்றுகொண்டிருக்கிறது.

என் கையில் ஒரு கொட்டாப்புளி.
கல்லைத் தட்டிக் கேட்பதற்குத்தான் எனக்குக் கூலி.
நலமான கல் ‘ணங்’ என்று வாய் திறக்கும்.
உள்ளே உளுத்த கல்,
வாடகை பாக்கி வைத்தவன் கதவுக்குப் பின்னாலிருந்து
பேசுவது போல்,
‘தொப்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளும்.

கிரெய்க்டோர் தெருவில் ஒன்பது வீடுகள்
தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன.
எட்டும் தேன் நிறம்.
பதினேழாம் எண் மட்டும் கருப்பு.
‘சொத்தைப் பல்’ என்றார் இன்னஸ் ஆக்டர்லோனி.
முதல் மாடிக்காரர், பல் மருத்துவர்,
அந்த உவமைக்கு நான் பொறுப்பில்லை.
ஆறு உரிமையாளர்களும் சேர்ந்து கேட்டிருந்தார்கள்:
வெளுத்துத் தர எவ்வளவு ஆகும்?

நேற்று எட்டையும் தட்டினேன்.
தொப். தொப். ணங். தொப்.
பதினைந்தாம் எண்ணின் சன்னல் தலைப்பில்
யாரோ பொறுமையாகச் செதுக்கிய முட்பூ
விரல் பட்டதும் சர்க்கரையாய் உதிர்ந்தது.
எழுபத்தாறில் மணலைப் பீய்ச்சிக் கரியை உரித்தவர்கள்
நூறு குளிர்காலங்களில் கல் தானே நெய்துகொண்ட
மெல்லிய தோலையும் சேர்த்து உரித்துவிட்டார்கள்.
அன்று முதல் ஒவ்வொரு மழையும்
அழைக்காமலே உள்ளே போய்
உட்கார்ந்துகொள்கிறது.

இன்று கருப்பு வீடு.
ணங்.
ணங்.
இரண்டாம் மாடி இடது மூலையில் சின்னத் தயக்கம்.
மற்றபடி
ணங்.

மதியம் இன்னஸ் படிக்கட்டுச் சங்கத்தின்
பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்தார்.
மார்ச் 1976. கல் கழுவும் தீர்மானம்.
ஆதரவு ஐந்து, எதிர்ப்பு ஒன்று:
மிஸ் யூஃபீமியா கில்கிரிஸ்ட், மூன்றாம் மாடி, வலது.
காரணம் என்ற இடத்தில்
செயலாளரின் எரிச்சலில் சாய்ந்த எழுத்து:
‘திரைச்சீலை இப்போதுதான் துவைத்தாராம்.
மேலும், பணம் இல்லையாம்.’

அவ்வளவுதான்.
மரபு என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்குமில்லை.
அடுத்தடுத்த தாள்களைப் புரட்டினேன்.
பொதுப் படிக்கட்டைத் துடைக்கும் முறைப்பட்டியலில்
எல்லார் பெயரும் மாதம் ஒருமுறை,
கில்கிரிஸ்ட் இருமுறை.
பதினோரு ஆண்டுகள்.
பிறகு அந்தப் பெயருக்கு மேல் ஒரு கோடு,
வேறொருவர் பெயர்.

இந்தக் கருப்பு என்ன என்று நினைக்கிறீர்கள்?
ஓட்ஸ் கஞ்சி பொங்கிய ஆயிரம் காலைகள்.
சாராய ஆலையின் மூச்சு.
பள்ளத்தாக்கில் பெருமூச்சு விட்ட ரயில்கள்.
எவளோ கணப்பில் போட்டு,
எரியும்வரை பார்த்துக்கொண்டிருந்த கடிதம்.
புகைபோக்கி வழியே வெளியேறியவை எல்லாம்
தெருவைத் தாண்டிப் போக மனமின்றி
தங்கள் வீட்டு முகத்திலேயே
வந்து அப்பிக்கொண்டன.

‘ஒரு பலகை வைக்கலாம்’ என்றார் இன்னஸ்,
‘இவ்வீட்டைக் காத்தவர் என்று.’
‘எப்படிக் காத்தார் என்று எழுதுவீர்கள்?’
யோசித்தார். சாரத்தின் குழாயில்
பனி சொட்டுச் சொட்டாகத் திரண்டது.
‘பணம் இல்லாமல்’ என்றார்.
சிரிப்பார் என்று காத்திருந்தேன்.
சிரிக்கவில்லை.

அறிக்கையில் எழுதினேன்:
கழுவ வேண்டாம். இடது மூலைக்குச் சுண்ணச் சாந்து.
கூரைத் தாரையில் ஒரு புறாக்கூடு,
குஞ்சு பறந்தபின் எடுக்கலாம்.
கட்டணம் தனித்தாளில்.

பிறகு பலகையிலேயே உட்கார்ந்து
சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.
வெள்ளை ரொட்டியின் மேல்
என் கட்டைவிரல் ரேகை,
சுழி சுழியாய், கருகருவென்று.
துடைக்கப் பார்த்தேன், பரவியது.
பசி.
யாருடைய காலையோ,
அதையும் சேர்த்துத் தின்றேன்.