ஸ் வேலை செய்யாத மூன்று வாரம்

மினிபஸ் கதவில் ஒரு கால், வெளியே ஒரு கால்,
"செஹா, செஹா, இன்னும் இரண்டு இடம்" என்று
கத்திக்கொண்டிருந்தபோது விழுந்தது.
முகம் குப்புற.
பின்னால் வந்த வண்டி ஏறவில்லை, அதுவரை நல்லது.

எடுத்துத் திருப்பத் தயங்கினேன்.
திருப்பாதவரை உடையவில்லை அல்லவா.
மடியில் கோழிக்குஞ்சுப் பெட்டியோடு ஒருத்தி சொன்னாள்:
"திருப்பு, பிரிமிதீவா,
செத்தவனா எழுந்து அடிக்கப்போகிறான்?"

இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல்.
அதை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு பட்டை:
வெளிச்சம் இருக்கிறது, உணர்ச்சி இல்லை,
பல் பிடுங்குமுன் மரத்துப்போன உதடு மாதிரி.

அன்றிரவே கட்டைவிரலில் ஒரு துணுக்கு ஏறியது.
சில்லறை எண்ணும் விரல்.
அகல டேப் வாங்கி ஒட்டினேன்,
என் தங்கை நியேவெஸ் விளக்குப் பிடித்தாள்,
பிடித்தபடியே சிரித்தாள்.
மாற்றினால் இருநூற்றெண்பது பொலிவியானோ.
ஆளுக்கு இரண்டு என்றால் நூற்று நாற்பது பயணிகள்,
அவ்வளவும் எனக்கே என்றாலும்.

பட்டையில் மாட்டிக்கொண்டவை மூன்று எழுத்துகள்.
இரண்டு எங்களுக்கு வருடத்தில் நாலு முறை தேவைப்பட்டால் அதிகம்.
மூன்றாவது ஸ்.
ஸ் இல்லாமல் ஸீ இல்லை.
ஸீ என்றால் எங்கள் ஊரில் ஆமாம்.

நோ சொல்ல வேண்டிய இரண்டும்
வலப்பக்கத்தில் சுகமாக இருந்தன.

டோன் செவேரோ வண்டிக்காரர்.
சனி இரவுதோறும் கேட்பார்:
நாளை ஐந்து மணிக்கு வருகிறாயா?
நான்கு வருடமாக ஸீ போட்டிருக்கிறேன்.
காய்ச்சலில் போட்டிருக்கிறேன்.
நியேவெஸின் கல்யாணத்தன்று போட்டிருக்கிறேன்.
குரலை அனுப்பியிருக்கலாம்,
கட்டைவிரல் பொம்மை அனுப்பியிருக்கலாம்,
அதெல்லாம் பிறகு தோன்றியவை.
எழுத முடிந்ததை எழுதினேன்.
நோ.

ஒரு கேள்விக்குறி வந்தது.
நோ, என்றேன் மறுபடி.
பன்னிரண்டு மணிவரை தூங்கினேன்.

மூன்று ஞாயிறு இப்படி.
மூன்றாவதில் துணியை அலசி, தலையையும் அலசி,
இரண்டையும் மாடியில் காயவிட்டேன்.
மேலே கேபிள் கார்கள் போய்க்கொண்டிருந்தன,
யாரையும் கூவி ஏற்றாமல்.

அப்புறம் விரிசல் கிளைவிட்டு
வலப்பக்கமும் வரத் தொடங்கியது.
நோவும் போய்விடுமோ என்று பயந்துதான்
க்ரோவர் சுக்கிமியாவிடம் போனேன்.
கடை ஓர் அலமாரி அளவு.
"முதலில் படங்களை அட்டையில் ஏற்று.
திறந்தபின் அழுவதற்கு இங்கே இடமில்லை."
முடி உலர்த்தும் கருவியால் ஓரங்களைச் சூடாக்கி,
கிட்டார் மீட்டும் வில்லையை உள்ளே விட்டு
உரித்தான், வெந்த உருளைக்கிழங்கை உரிப்பது போல.

புதுக் கண்ணாடி. அதன் மேல் இன்னொரு கண்ணாடி.
"விழுந்தால் இது உடையும், இருபதோடு முடியும்.
தலைக்கு வருவது தொப்பியோடு போகட்டும்."
மூலைகள் தடித்த ரப்பர் உறை.
பிறகு என் கழுத்தை அளப்பது போலப் பார்த்துவிட்டு
ஒரு கயிறு எடுத்தான்.
"கத்துகிறவளுக்கு இரண்டு கையும் வேண்டும்."
எட்டு கேட்டான். ஆறுக்கு வாங்கினேன்.

"எழுதிப் பார்" என்றான்.
அழுத்தினேன். வந்தது.
விரலை எடுக்க மனமில்லை,
ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்
எந்தப் பக்கத்தில் எழுதுகிறேன் என்று பார்க்கவில்லை,
எப்படிப் போனதென்றும் தெரியவில்லை.

டோன் செவேரோ உடனே:
"நல்லது. நாளை ஐந்து மணி."

க்ரோவர் பணத்தை இரண்டாம் முறை எண்ணிக்கொண்டிருந்தான்.
நான் வலப்பக்கம் போனேன்.
விரலுக்கு வழி தெரிந்திருந்தது.

மேல் கண்ணாடிக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழி.
தானே போய்விடும் என்கிறான்.
நகத்தால் தள்ளுகிறேன்,
வேறொரு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது.