ஒப்பீடு: பிப்ரவரி

கிளாஸ்கோவில் மழை பெய்கிறதா என்று
எங்களிடம் கேட்டுப் பயனில்லை.
இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.
திரையில் மட்டும் உண்டு:
நுரையீரலுக்கு ஒரு சாளரம், எலும்புக்கு ஒன்று,
மூளைக்கு மிகக் குறுகலாய் ஒன்று.
ஒன்றைத் திறந்தால் மற்றது இருண்டுவிடும்.

கழுத்து அட்டையில் ஃபெலோ என்று இருக்கிறது.
படித்து முடித்தவள், இன்னும் படிப்பவள்.
நெஞ்சு மட்டும், ஒரு வருடம்.
பக்கத்து நாற்காலியில் ஃபார்க்கர், மூட்டுகளுக்கு வந்தவன்,
வினிகர் சிப்ஸைச் சத்தமில்லாமல் தின்ன
இன்னும் பழகவில்லை.
மைக்குக்கு என் உச்சரிப்பு பிடிபடாது,
நான் ஸ்டோர்னோவேயில் வளர்ந்தவள்.
முறிவு இல்லை என்று சொன்னால்
முறிவு என்று மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்கும்.
அந்த இல்லையைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பதே
பாதி வேலை.

அக்டோபர், மாலை நாலேகால்.
ஹெக்டர் மகில்ரைத், அறுபத்தொன்று, பஸ் ஓட்டுநர்.
ஆறு வாரமாக இருமல்.
வலது மேல்மடலில், முதல் விலா எலும்பை ஒட்டி,
பதினைந்து மில்லிமீட்டர்.
சுற்றிலும் முள்விளிம்பு.
அளந்தேன். அம்புக்குறி வைத்தேன்.
பழக்கத்தில் விரல் பழைய படத்தை இழுத்தது.

பிப்ரவரி. பனியில் வழுக்கி விழுந்து வந்திருக்கிறார்.
இடப்பக்கம் இரண்டு விலா முறிவு.
நல்ல அறிக்கை. எந்த விலா, எந்த வளைவு, எவ்வளவு விலகல்,
எல்லாம் இருக்கிறது.
கீழே என் பெயர்.

ஒன்று கிடைத்துவிட்டால் கண் உட்கார்ந்துவிடும்.
இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன்.
புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன்,
கையில் காபியோடு.

வலது பக்கம் போனேன்.
மேலே, கீழே, மறுபடி மேலே.
இருந்தது.
எட்டு மில்லிமீட்டர்.
ஒளிந்திருக்கவில்லை, எதன் பின்னாலும் நிற்கவில்லை.
நான் நுழையாத தெருவில்
விளக்கெரிந்த வீடு மாதிரி
இருந்தது.

புதிய கட்டி என்று எழுதிவிட்டால்
உடனே யாரும் தோண்டப்போவதில்லை.
ஃபார்க்கர் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
அந்த இரண்டு சொல்லும் நாக்குவரை வந்தன.
வந்ததை மறைக்க மாட்டேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில்
பிழைகளைப் பெயர் மறைத்துக் காட்டுவார்கள்.
ஒருவர் மட்டும் நாற்காலியில் அசையாமல் இருப்பார்.
மற்றவர்கள் அவரைப் பார்க்காமலிருக்கும் விதத்திலேயே
எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மைக்கை எடுத்தேன்.
ஒப்பீடு: பிப்ரவரி.
அப்போதும் இருந்தது, எட்டு.
அன்றைய அறிக்கையில் குறிப்பிடப்படவில்லை
என்றது வாய்.
அழித்தேன். செயப்பாட்டு வினைக்குள்
ஆள் யாரும் இருப்பதில்லை.
நான் குறிப்பிடவில்லை.
இந்த முறை மைக்
ஒரு சொல்லையும் விழுங்கவில்லை.

நுரையீரல் பிரிவுக்குப் போன் செய்தேன். எடுத்தவள் ஷோனா.
இரண்டு தேதிகளையும் கேட்டாள், அளவுகளைத் திரும்பச் சொன்னாள்.
சரி, செவ்வாய்க்கிழமைக்குப் போடுகிறேன் என்றாள்.
திட்டவுமில்லை, தேற்றவுமில்லை.

தண்ணீருக்காக வெளியே வந்தேன்.
ஊசிக்குப் பிறகு உட்காரவைக்கும் இடத்தில்
ஒருவர் பஸ் கம்பெனி ஜாக்கெட்டோடு மல்லாடிக்கொண்டிருந்தார்,
முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும்.
கல்லீரலின் ஓரம்வரை தெரியும் எனக்கு.
முகம் இப்போதுதான்.
மூக்கு லேசாகக் கோணல்.

கைப்பகுதியை விரித்துப் பிடித்தேன்.
கை போனது, தோள் போனது.
வலது தோள்.

நன்றி, பெண்ணே. வெளியே மழையா?

செவ்வாய்க்கிழமை சொல்ல வேண்டியதை
அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்வார்கள்.
தெரியாது என்றேன்.
பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

இரண்டு கதவு, ஒரு நீளத் தாழ்வாரம்,
சக்கர நாற்காலிகள் நிற்கும் வாசல்.
கையை நீட்டிப் பார்த்தேன்.
திரும்பி வந்து, பெய்கிறது என்றேன்,
தூறல்தான், ஆனால் பெய்கிறது.