ஈயத்துக்கான விளக்கு

எங்கள் இயந்திரத்தில்
ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு விளக்கு.
செம்புக்குச் செம்பு விளக்கு,
துத்தநாகத்துக்குத் துத்தநாக விளக்கு.
தன் சாதியை மட்டும் அடையாளம் காணும் வெளிச்சம்.

ஈய விளக்கு மூன்று மாதமாய்ப் பெட்டியிலேயே கிடந்தது.
அதன் ஆயுள் மணிக்கணக்கு, வீணாக்கக் கூடாது.
கேட்டும் யாரும் வரவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.
தழை, மணி, சாம்பல், உப்பு.
அதோடு முடிந்துவிடுகிறது மண்.

திம்மராயன் வந்தது ஒரு திங்கட்கிழமை,
தொட்டசந்திரத்திலிருந்து
ஓசூரில் பஸ் மாறி, கிருஷ்ணகிரிக்கு.
நகைக்கடைப் பையில் இரண்டு பொட்டலம்.
ஒன்றின்மேல் 'கால்வாய்' என்று எழுதியிருந்தது.
மற்றதில் ஒன்றுமில்லை.
கூடவே ஒரு கட்டு கொத்தமல்லி.
எனக்கா, இயந்திரத்துக்கா, சொல்லவில்லை.

"ஆத்துல நுரை வருதுங்க மேடம்.
நுரைய ஒதுக்கிட்டுத்தான் பாய்ச்சறோம்."

உலர்த்தினேன், இடித்தேன், சலித்தேன்.
தழையை அமிலத்தில் இட்டுச் சூடேற்றியபோது
ரசம் கொதிக்கும் வீடுபோல ஆனது ஆய்வகம்,
கொஞ்ச நேரம்.
பிறகு அமிலம் மணத்தையும் தின்றுவிட்டது.

விளக்கைப் போட்டு அரைமணி காத்திருந்தேன்.
எண் வந்தது.
துடைத்துவிட்டு மறுபடி. மறுபடியும் அதே.
அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை.
எழுதினால் அதோடு
படிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

பேர் எழுதாத பொட்டலத்தில்
சொல்லும்படி எதுவுமில்லை.

"இது எந்த வயல்?"

"வூட்டுக்குப் பின்னாடிங்க.
ரெண்டு பாத்தி. போர்த் தண்ணி.
எங்களுக்கு மட்டும்."

மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்.
நானும் அதையே பார்த்தேன்.

பழமொழி பேசுகிறவர் இல்லை எங்கள் அதிகாரி.
அன்று பேசினார்:
"ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும்,
பூசாத மாதிரியும் இருக்கணும்மா ரிப்போர்ட்டு."
சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும்.
கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

இலையும் கிழங்கும் நிறைய உறிஞ்சும்,
காய்க்கு அவ்வளவாய் ஏறாது,
தக்காளி வையுங்களேன் என்றேன்.

"போன மாசம் நாப்பது கிரேடு
ராயக்கோட்டை ரோட்டுல கொட்டிட்டு வந்தேங்க.
வண்டி வாடகை கையிலிருந்து.
மல்லி அப்படியில்ல மேடம்.
முப்பத்தஞ்சு நாளு. ராத்திரி லாரி ஏத்துனா
விடியறப்ப பெங்களூரு, கையில காசு."

கொஞ்சம் நிறுத்தி,
"பார்க்கறதுக்கு எந்தக் கொறையும் இல்லீங்களே.
பாத்தித் தழையைவிட இதுதான் பளபளன்னு இருக்குது."

உண்மை. மேசைமேல்
அந்தக் கட்டு இன்னும் வாடியிருக்கவில்லை.

காகிதத்தை நான்காய் மடித்து
பஸ் டிக்கெட்டோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.
கொத்தமல்லியை எடுத்துப்போகச் சொல்ல மறந்தேன்.
எந்தக் குப்பையில் போடுவதென்று தெரியாமல்
மாதிரி அலமாரியில் பூட்டினேன்.

சாயங்காலம் ரவுண்டானா அருகே தள்ளுவண்டி.
வேரோடு அடுக்கிய கட்டுகள், ஈரச்சாக்கு மூடி.
என் மகனுக்குச் சட்னி
பச்சையாய் இருந்தால்தான் தோசை இறங்கும்.
வேர்மண்ணை நகத்தால் சுரண்டினேன்.

"காலைல புடுங்குனதுக்கா. கட்டு பத்து."

எந்தத் தண்ணீர் என்று கேட்க வாய்வரை வந்தது.
அவள் வீட்டுக்கும் பின்னால்
ஒரு பாத்தி இருக்குமோ என்றும்.

சில்லறை கொடுத்துவிட்டேன்.
இரண்டு கட்டோடு நிற்கும்போதுதான் சந்தேகம்:
அந்த விளக்கை அணைத்தேனா?